மூடி போட்ட குவளை

புகைக்கூண்டு சுத்தம் செய்கிறவன் எதிரே வந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம் என்பது பீருக்கு ஹாப்ஸ் கொடி வளர்க்கும் எங்கள் ஊர்ச் சனங்களின் நம்பிக்கை. பெண்கள் அவன் கறுப்புச் சட்டையின் பித்தளைப் பொத்தானைத் தொட்டுவிட்டு லாட்டரிச் சீட்டு வாங்கப் போவார்கள். குவிரின் லோய்ப்பிலின் பொத்தான்கள் அப்படித் தொட்டுத் தொட்டே தேய்ந்து பளபளத்தன. ஊரே அதிர்ஷ்டத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு போனதில் வீட்டுக்கென்று மிச்சமில்லை என்று அவன் மனைவி ரோஸினா சொல்வாள். அதில் பாதிதான் விளையாட்டு.

மீதிப் பாதிக்குக் காரணம் சாராயம். பனிக்காலத்தில் கூரை ஏறி இறங்கி வருகிறவனுக்கு அந்த வீட்டுக்காரி ஒரு சின்னக் கிண்ணத்தில் பேரிக்காய்ச் சாராயம் கொடுப்பாள். அது அவள் வீட்டில் காய்ச்சியது. ஒரு வீட்டில் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால், அவர்கள் சரக்கு மட்டம் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். ஆகவே குவிரின் யார் மனமும் நோகாமல் குடித்தான். மத்தியானம் ஆவதற்குள் வெளியே கரியும் உள்ளே சாராயமுமாக இருப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புர்கியின் விடுதியில் பீர். ஆனாலும் அவனைக் குடிகாரன் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவன் விழவில்லை, யாரையும் அடிக்கவில்லை. நாலாவது குவளைக்கு மேல் பாடுவான், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாடுகிறவனைக் குடிகாரன் என்று சொல்வதானால் கோயில் பாடகர் குழுவையே கலைக்க வேண்டியிருக்கும்.

ஒரு இலையுதிர் காலத்தில் ஊர்க்கோடிப் பண்ணை வீடு ஒன்றில் அவன் கூரை ஏறவில்லை. ஏறினால் கால் நிற்காது என்று அவனுக்கே தெரிந்தது. கீழிருந்து கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டு, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். மேலே குழாய்க்குள் ஒரு காக்கை கூடு கட்டியிருந்தது. முதல் குளிருக்கு அடுப்பு மூட்டிய இரவில் புகை வீட்டுக்குள் திரும்பிவிட்டது. ஒரு ஜன்னல் சரியாகச் சாத்தாமல் கிடந்ததால் பிழைத்தார்கள். விடியற்காலையில் இரண்டு பிள்ளைகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதை குவிரினும் நின்று பார்த்தான். பழி முழுக்கக் காக்கை மேல் விழுந்தது. "நீ வந்து பாத்துட்டுப் போனப்புறம் கட்டியிருக்கு சனியன்" என்று அந்த விவசாயி அவன் கையைப் பிடித்து ஆறுதல் வேறு சொன்னான். கரியைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். அந்தக் கை பிடித்ததைக் கழுவ அவனுக்கு வழி தெரியவில்லை.

அதோடு குடியை விட்டான். விட்டது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் உடம்பு ஆடிய ஆட்டத்தை ரோஸினாவைக் கேட்டால்தான் தெரியும். ஊருக்கு அவள் சொன்ன சேதி, "முதுகு வலி, வெந்நீர்ச் சிகிச்சைக்குப் போயிருக்காரு" என்பது. எங்கள் பக்கத்தில் முதுகு வலிக்கு மாதக்கணக்கில் வெந்நீரில் ஊறுவது கௌரவமான காரியம். யாரும் மேலே கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் வீடுகளில் வயிற்றுப் புண் என்று சொல்லிக் காப்பிக்கு மாறிக்கொண்டான். வீட்டுக்காரிகள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பழகிவிட்டார்கள். தீராத சிக்கல் ஞாயிற்றுக்கிழமை மேசைதான்.

புர்கியின் விடுதியில் கணப்புக்குப் பக்கத்து மூலையில் அந்த மேசை இருக்கிறது. அதில் ஐந்து பேர். வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. தெரியாமல் உட்காருகிற வெளியூர்க்காரனை புர்கியே எழுப்பிவிடுவாள். ஐந்து பேருக்கும் பெயர் பொறித்த, ஈய மூடி போட்ட மண் குவளைகள் உண்டு. அவை சுவரோரப் பூட்டு அலமாரியில் தொங்கும். ஒருவன் தன் குவளையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் மேசையை விட்டே போய்விட்டான் என்று அர்த்தம். பீர் இல்லாமல் அங்கே உட்காருவது, பூசைக்கு வந்து மண்டியிடாமல் நிற்பது போல. குடிக்குமுன் குவளையோடு குவளை முட்டுவார்கள்; தண்ணீரை வைத்துக்கொண்டு முட்டுவது அதைவிட மோசம். தண்ணீரால் முட்டுகிறவன் எதிரே இருப்பவனுக்குச் சாவை வேண்டுகிறான் என்பார்கள்.

குவிரினுக்கு அந்த நாற்காலி வேண்டும். அறுபது வீட்டில் கரி அள்ளுகிறவனுக்கு, கையைக் கழுவிக்கொண்டு மனிதர்களோடு உட்கார இருந்த ஒரே இடம் அது.

ஆகவே விடுதிக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை, சமையலறைக் கதவு வழியாகப் போய் புர்கியிடம் எல்லாவற்றையும் சொன்னான். காக்கைக் கூட்டையும் சேர்த்துத்தான். புர்கி அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். அழவுமில்லை, திட்டவுமில்லை.

"சரி. மூடி போட்ட குவளை எதுக்குடா இருக்கு?" என்றாள். "உள்ள என்ன இருக்குன்னு உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். போதையில்லாத பீர் ஊத்திக் குடுக்கறேன்."

"டாக்டர் அதையும் தொடாதேன்னாரு. வாசனையே தூண்டில் மாதிரி இழுக்குமாம்."

"இழுக்குதான்னு இங்கயே பாரு. இழுத்தா, கத்தியக் குடுக்கறேன், உக்காந்து கிழங்கு உரி. கிழவனுங்க மேசைக்குப் போகாதே."

அவள் சமையல் மேசை மேல் புட்டிகளை வரிசையாக வைத்தாள். முதலில் மால்ட் பீர். கறுப்பு, பாகு மாதிரித் தித்திப்பு. ஒரு வாய் குடித்ததும் குவிரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஸினா பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில் பால் ஊறும் என்று அவள் அம்மா பெட்டி பெட்டியாக இதைத்தான் இறக்கினாள். இப்போது பேரன் பேத்திகள் பிறந்தநாளுக்குக் குடிக்கிறார்கள். "இதக் குடிச்சா எனக்கும் பால் சுரந்துரும்" என்று தள்ளி வைத்தான். அடுத்தது கோதுமை பீர். புட்டியை உருட்டி அடிமண்டியைக் கலக்கி ஊற்றினால் கலங்கலாக, வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த வாசனையோடு வரும். குவிரினுக்கு அது பிடித்தே இருந்தது. ஆனால் அதற்கென்று உயரமான கண்ணாடிக் குவளை வேண்டும். மண் குவளையில் ஊற்றினால் பால் பொங்குகிற மாதிரி நுரை மூடியைத் தூக்கிவிடும். போதாததற்கு, வெயில் காலத்தில் இறுக்கக் கால்சட்டை போட்ட சைக்கிள்காரர்கள் குடிக்கிற பானம் அது என்று ஊருக்கே தெரியும்.

மிச்சம் இரண்டு வெளிர் பீர்கள். ஒன்றில் ஊறவைத்த பார்லியின் பச்சை வாசனை அடித்தது. இன்னொன்று நல்ல கசப்பு.

"ஏன் இப்படி ரெண்டும் ரெண்டு தினுசா இருக்கு?"

"அந்தப் பச்சை வாசனைக்காரன் இருக்கானே, அது புளிக்க ஆரம்பிக்கும்போதே நிறுத்தினது. இது முழுசாப் பீராகி, முத்திப் போயி, அப்புறம் அதுக்குள்ள இருக்கற போதைய மட்டும் இழுத்து எடுத்தது."

"அப்ப இது நான்தான்" என்றான் குவிரின். அதையே எடுத்துக்கொண்டான். அன்று முழுக்கத் தன்னைத்தானே வேவு பார்த்தான். இழுக்கவில்லை. மறுநாளும் இழுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஓடின. ஒரு வருஷத்துக்கு மேல் போனபின் புர்கி எப்போதும் இரண்டு கையிலும் இரண்டு குவளையாக, மூடி சாத்தி, சமையலறைப் பக்கமிருந்து முதலில் கொண்டு வருவாள். ஒன்று குவிரினுக்கு, ஒன்று பக்கத்து நாற்காலி வெண்டலினுக்கு. மற்ற மூன்றும் பின்னாலே வரும். சின்ன வயதுச் சினேகிதர்கள் என்பதால் இந்த மரியாதை என்று குவிரின் நினைத்துக்கொண்டான். வெண்டலின் சீட்டாட்டத்தில் புலி, பேச்சில் பிசாசு, பிழைப்பு ஹாப்ஸ் விவசாயம். பீருக்குக் கசப்பைக் கொடுக்கிற அந்தக் கொடி அவன் தோட்டத்தில் வீட்டுயரத்துக்கு நிற்கும். குவிரினை அவன்தான் அதிகம் சீண்டுவான்.

"என்னடா, கல்யாணப் பொண்ணு மாதிரி உறிஞ்சறே? நான் வேர்வை சிந்தி வளத்த கசப்புடா அது. மரியாதையாக் குடி!"

"உன் வேர்வை வாசனை தூக்கலா இருக்கு. அதான் மெதுவாக் குடிக்கறேன்."

மேசை சிரிக்கும். குவிரினும் சிரிப்பான். உள்ளுக்குள் ஒவ்வொரு தரமும் திக்கென்று இருக்கும். ஐம்பது வருஷச் சினேகிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பொய்க் குவளையை அவன் குவளையோடு முட்டுவது லேசான காரியமில்லை. சொல்லிவிடலாமா என்று பலமுறை வாய் வரை வந்தது. ஹாப்ஸ் விவசாயியிடம் போய் என்னவென்று சொல்வது? சொல்லவில்லை.

போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலத்தில் வெண்டலின் செத்துப் போனான். மாரடைப்பு என்றார்கள் வீட்டில். எங்கள் வழக்கப்படி அவன் குவளை அலமாரியில் கவிழ்த்து வைக்கப்பட்டது. நாற்காலி காலியாகவே கிடந்தது. சவக்குழியில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது குவிரினுக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது: தண்ணீரால் முட்டினவன். முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் அது போகவில்லை. கூரை மேல் நிற்கும்போதெல்லாம் கல்லறைத் தோட்டம் கண்ணில் படும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இந்த வசந்தத்தில் அவனுக்கு அறுபது வயது நிறைந்தது. அறுபதுக்கு அந்த மேசையில் ஒரு சடங்கு உண்டு. பிறந்தநாள்காரனின் குவளையை விளிம்பு வரை நிரப்பி, முதல் வாய் அவன் குடித்து, குவளை சுற்றுக்குப் போய், கடைசி வாய் மறுபடி அவனுக்கே வரவேண்டும். அந்தக் கடைசி வாயில்தான் மிச்ச ஆயுசு இருக்கிறதாம். வறண்ட குவளையைத் திருப்பிக் கொடுப்பவன் ஊருக்கு ஆகாதவன்.

"காய்ச்சல்னு படுத்துக்கட்டுமா?" என்று புர்கியிடம் கேட்டான்.

"படுத்தா அடுத்த ஞாயிறு. அப்புறம் அதுக்கடுத்த ஞாயிறு. எத்தனை காய்ச்சல் வரும் உனக்கு? உன் பீரையே ஊத்தறேன், வா."

"மூணு பேரும் குடிப்பாங்களேடி. கண்டுபிடிச்சிட மாட்டாங்க?"

"எவன்? லியோன்ஹார்டு நாக்குல சுருட்டு, இக்னாஸ் நாக்குல மூக்குப்பொடி, செபால்டுக்குப் பல்லே இல்ல. முன்னாடியே உப்புப் போட்ட முள்ளங்கியும் வெங்காயம் பிசைஞ்ச சீஸும் வச்சுடறேன். அதுக்கப்புறம் டிராக்டர் எண்ணெயக் குடுத்தாலும் நல்லாருக்கும்பானுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். முள்ளங்கி காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. புர்கி குவளையைக் கொண்டு வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். குவிரின் ஒரு வாய் குடித்துப் பால்காரன் செபால்டிடம் கொடுத்தான். செபால்டு குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு, "புது பீப்பா போல இருக்கே" என்றான். கோயில் மணியடிக்கிற இக்னாஸ் இரண்டு வாய் குடித்தான். "ஆமாமா, நல்ல சரக்கு. நமக்குத் தினமும் குடுக்கறது பழசு. இவனுக்குன்னா புதுசு." சமையலறை வாசலில் புர்கி ஏப்ரன் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். குவிரினுக்கு மூச்சு சீரானது.

கடைசி ஆள் லியோன்ஹார்டு. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். அண்டா வாய் அவனுக்கு. அண்ணாந்தான், தொண்டை ஏறி இறங்கியது, குவளைக்குள் எட்டிப் பார்த்தான், முகம் மாறியது. உள்ளே வெறும் நுரை. அவசரமாகத் தன் சொந்தக் குவளையைத் தூக்கி அதிலிருந்ததைக் குவிரின் குவளையில் தாராளமாகச் சாய்த்தான்.

"அறுபது வயசுக்காரனுக்கு நுரையவா குடுப்பேன்? இந்தா, என் பங்கிலேர்ந்து ஆயுசு! ஒரே மூச்சுல இறக்கு!"

குவளை கைக்கு வந்தது. குவிரின் வாயருகே கொண்டு போனான். வாசனை ஏறியது. அசல் பீர். அவன் வாய் ஊறியது. உடம்பு அவனைக் கேட்காமலே ஒரு அடி முன்னால் போனது. ஒரு வாய்தானே, பாசத்தோடு ஊற்றினது, ஆறு வருஷமாயிற்று, ஒன்றும் ஆகாது என்று உள்ளே ஒரு குரல் நல்லபிள்ளை மாதிரிப் பேசியது. அந்தக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும். கூரை ஏற வேண்டாம், கீழிருந்து பார்த்தால் போதும் என்று சொன்னதும் அதே குரல்தான்.

மூடியைச் சாத்திக் குவளையை மேசையில் வைத்தான்.

"குடிக்க முடியாது" என்றான்.

"ஏன், என் எச்சி ஒத்துக்காதா உனக்கு?" லியோன்ஹார்டு முகம் சிவந்துவிட்டது.

"அது இல்லடா. நான் குடிக்கறதில்ல. ஆறு வருஷமாச்சு. இதுல இருந்தது போதையில்லாத பீரு. இப்ப நீ ஊத்தினது அசலு. குடிச்சேன்னா பழைய ஆளாயிடுவேன்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரும் உட்காரவில்லை. இக்னாஸ் காலிக் குவளையைப் பார்க்கிற மாதிரித் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"ஆறு வருஷம்" என்றான் லியோன்ஹார்டு. "ஆறு வருஷம் எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே தண்ணிய வச்சு முட்டியிருக்கே. தண்ணியால முட்டினா என்ன ஆகும்னு தெரியாது உனக்கு? பக்கத்துல உக்காந்திருந்தவன் இப்ப எங்கடா கிடக்கான்?"

அவன் யோசித்துச் சொல்லவில்லை; கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எறிந்தான். ஆனால் எறிந்தது நேரே பட வேண்டிய இடத்தில் பட்டது. குவிரின் குவளையிலிருந்ததைச் சன்னலோரப் பூந்தொட்டியில் கவிழ்த்தான். கைக்குட்டையால் உள்ளே துடைத்தான். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, குவளையைக் கக்கத்தில் இடுக்கினான். வீட்டுக்குக் கொண்டு போகப் போகிறான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. செபால்டு, "டேய், வைடா" என்று முனகினான். குவிரின் வாசல் பக்கம் திரும்பினான்.

"நில்லு" என்றாள் புர்கி.

அவள் இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து, கவிழ்ந்து கிடந்த வெண்டலின் குவளையை எடுத்து வந்து, காலி நாற்காலிக்கு நேரே மேசை மேல் நிமிர்த்தி வைத்தாள்.

"இவன் உயிரோட இருக்கற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். இருந்த வரைக்கும் காப்பாத்திட்டேன். செத்தவன வச்சு உயிரோட இருக்கறவன அடிக்கறத என்னால பாத்துக்கிட்டிருக்க முடியாது." லியோன்ஹார்டைப் பார்த்தே பேசினாள். "வெண்டலினுக்கு ஈரல் கெட்டுப் போச்சு. மாரடைப்புன்னு சொன்னது ஊருக்கு. ஒரு வருஷம் தாங்கினா அதிகம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்கே என் சமையக்கட்டுக்கு வந்து உக்காந்தான். ஹாப்ஸ் வளக்கறவன் பீரு குடிக்கலைன்னா வெளியில தல காட்ட முடியுமான்னு அழுதான். அவன் குவளையிலயும் போதையில்லாததுதான் ஊத்தினேன். ஒரு வருஷம்னது மூணு வருஷம் ஓடுச்சு."

குவிரின் குவளையை இடுக்கியபடியே நின்றான். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"எது குடிச்சான்?"

"நீ குடிச்சதேதான். கசப்பு. ஒரே பெட்டியிலேர்ந்துதான் ரெண்டு பேருக்கும் எடுப்பேன். ஏன் உங்க ரெண்டு குவளையும் முதல்ல தனியா வந்துச்சுன்னு நினைச்சே?"

"என்னைக் கல்யாணப் பொண்ணும்பானே."

"நீ அவன் குவளைய எட்டிப் பாத்துடுவியோன்னு பயம். பயந்தா அவன் கத்துவான். சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தானே?"

அப்படித்தான். ஆற்றில் குதிக்கப் பயந்த நாளில்கூட மற்றவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று கத்திக்கொண்டு கரையில் நின்றவன் வெண்டலின். குவிரினுக்கு அது ஞாபகம் வந்தது. தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான்.

இக்னாஸ் தொண்டையைக் கனைத்தான். கோயில் மணியடிக்கிறவன் என்பதால் நம்பிக்கை விவகாரங்களில் தீர்ப்புச் சொல்வது அவன் வழக்கம். "பொய்யும் பொய்யும் முட்டினா அது கணக்குல சேராது" என்றான். "ரெண்டுல ஒண்ணாவது அசலா இருந்தாத்தான் சாவு பிடிக்கும்."

"அப்ப இத்தனை வருஷமா இந்த மேசையில உண்மையாக் குடிச்சது நாங்கதானா?" என்று லியோன்ஹார்டு கேட்டான். "மூட்டு வீங்கிக் கிடக்கறதும் நான்தான்." குவிரின் பக்கம் பார்க்காமல், "நான் சொன்னத மனசுல வச்சுக்காதடா" என்றான். "தபால் தப்பா வீசிட்டேன்னு நினைச்சுக்கோ."

குவிரினுக்கு லியோன்ஹார்டு மேல் கோபமில்லை. அவன் கண் அந்த நிமிர்ந்த குவளை மேலேயே இருந்தது.

"மூணு வருஷம்" என்றான். "தோள் இடிக்கற தூரத்துல உக்காந்து, அவன் எங்கிட்டேர்ந்து ஒளிஞ்சான், நான் அவங்கிட்டேர்ந்து ஒளிஞ்சேன். தெரிஞ்சிருந்தா சாயங்காலம் சாயங்காலம் அவன் தோட்டத்துக்கே ரெண்டு புட்டி எடுத்துட்டுப் போயிருப்பேன். ஒளியாமக் குடிச்சிருக்கலாம். தனியாப் போயிட்டான்டி."

அழுதான். அந்த மேசையில் ஒருவன் குடிக்காமல் அழுவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

புர்கி உள்ளே போய் இரண்டு புட்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி, எல்லோர் கண் முன்னாலும், ஒன்றைக் குவிரின் குவளையிலும் ஒன்றை வெண்டலின் குவளையிலும் ஊற்றினாள். மற்ற மூவரும் தங்கள் அசலைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். குவிரின் முதலில் வெண்டலின் குவளையோடு முட்டினான். பிறகு லியோன்ஹார்டு தன் குவளையை நீட்டினான். குவிரின் தயங்கினான்.

"முட்டுடா. எப்படியும் ஒருநாள் சாகப் போறவன்தானே நான்" என்றான் லியோன்ஹார்டு.

முட்டினார்கள். சீட்டுக்கட்டு வந்தது, குவிரின்தான் ஜெயித்தான், அதற்கு மூன்று பேரும் அவனைத் திட்டினார்கள். வீட்டுச் சூப் ஆறிப்போகிற நேரத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். வெண்டலின் குவளை நிரம்பியபடியே இருந்தது, நுரை மட்டும் அடங்கியிருந்தது. அதைக் கீழே கொட்ட புர்கிக்கு மனம் வரவில்லை. குவிரின் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, மூடியைத் திறந்தே வைத்து, அதையும் மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.